விரியாத சன்னம்

ஓகஸ்ட் 18

இந்தக் கொப்பி ஓட்வார் தந்தது. சுடுகிற ஒவ்வொரு வெடியையும் இதில் எழுத வேண்டுமாம்: எந்த ரவை, எவ்வளவு தூரம், எங்கே பட்டது. வேட்டைக்காரருக்கான சுடுதல் பரீட்சைக்கு முன் முப்பது பயிற்சி வெடி கட்டாயம். இன்று பதினொன்று. ஏழு வட்டத்துக்குள், மூன்று வெளியே, மற்றது எங்கே போனது என்று இலக்காக நிறுத்தியிருந்த பலகை எல்க்குக்குத்தான் தெரியும். தோள்மூட்டு கன்றிப்போய்விட்டது.

எல்க் என்பது மான் சாதிதான். ஆனால் மான் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மாட்டைவிட உயரம், கழுதை முகம், ஆண் என்றால் தலையில் அகப்பை அகப்பையாகக் கொம்பு. நோர்வேயின் இந்தக் காட்டுக் கிராமத்தில் செப்டெம்பர் இருபத்தைந்தில் எல்க் வேட்டை தொடங்கினால் கோயில் கொடியேற்றம் மாதிரி. பள்ளிக்கூடத்தில் பாதி ஆசிரியர்கள் லீவு. இருபத்தெட்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளன் நான். பனி வழிப்பேன், பைப் திருத்துவேன். இவ்வளவு காலத்தில் கலியாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், செத்தவீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேட்டைக் குழுவுக்கு மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. இந்த வருடம் ஓட்வார் கூப்பிட்டார். அவர்தான் குழுத் தலைவர், எங்கள் பக்கத்து வீடு, மரஆலையில் இருந்து ஓய்வுபெற்றவர். தன்னுடைய பழைய துவக்கையும் எனக்கே எழுதித் தந்துவிட்டார்.

“ஒரு ஆள் குறையுது. வாறியா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். அவர் பேசுவது நோர்வேஜிய மொழி. எழுதும்போது அது என் ஊர்த் தமிழாகிவிடுகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு புளுகம், சின்னப் பிள்ளை மாதிரி.

துவக்குச் சத்தம் எனக்குப் புதிதில்லை. பிடிப்பதுதான் புதிது.

ஓகஸ்ட் 24

ரவை வாங்க ஓட்வாரோடு பட்டணத்துக்குப் போனோம். கோழிக்குழம்புக்கு மிளகாய்த்தூள் வாங்குவது போல என்று நினைத்துப் போனவன் நான். இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

எல்க்குக்கு எந்த ரவையும் போடலாம் என்று கிடையாது. சன்னம், அதாவது ரவையிலிருந்து பாய்கிற குண்டு, பத்துக் கிராம் என்றால் நூறு மீட்டரில் இரண்டாயிரத்து இருநூறு யூல் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும் என்று சட்டம். யூல் என்ற சொல்லை ஏ.எல் பரீட்சைக்குப் பிறகு இன்றுதான் கேட்டேன். ஓட்வாரின் துவக்கு ஆறரை மில்லிமீட்டர். பெரிதில்லை, ஆனால் சரியான சன்னம் போட்டால் போதும் என்றார் கடைக்காரர். “கலிபர் பெருத்தா மிருகம் விழும் எண்டு கனபேர் நினைக்கினம். தோள் நோகுமெண்ட பயத்திலை கண்ணை மூடிக்கொண்டு சுடுவினம். அளவான துவக்கு, சரியான சன்னம், சரியான இடம். அதுதான் அந்த மிருகத்துக்கு நாங்கள் குடுக்கிற மரியாதை.”

சரியான சன்னம் என்பது விரிகிற சன்னம். ஒன்றை மேசையில் வைத்தார். ஏற்கெனவே சுட்டு எடுத்தது. முனை பிளந்து, செப்பு உறை நாலாபக்கமும் மடிந்து, காளான் போல இருந்தது. உள்ளே போனதும் இப்படி விரிந்து, போகிற பாதையெல்லாம் கிழிக்குமாம். பயிற்சிக்குச் சுடுகிற மலிவு ரவை வேறு. அதில் முழுவதும் செப்பு மூடியிருக்கும், விரியாது, ஊசி போல ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வரும். வேட்டையில் அதைப் போடுவது குற்றம்.

“சண்டையிலை விரியிற சன்னம் தடையெல்லோ?” என்று கேட்டேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த தாள் ஒன்றில் வாசித்திருந்தேன். கொடுமையானது, ஆகவே தடை.

“ஓம், மனிசருக்குத் தடை. மிருகத்துக்குக் கட்டாயம்” என்றார். பிறகு தான் சொன்னது தனக்கே விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும், சிரித்தார். ஓட்வாரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டிலும் வாங்கினேன். காளானைக் கடைக்காரர் எனக்கே தந்துவிட்டார்.

ஓகஸ்ட் 25

மேசையில் கிடந்த காளானை என் மனைவி வதனி எடுத்துப் பார்த்துவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எதற்கும் அருவருப்புப்படுகிற ஆள் இல்லை.

செப்டெம்பர் 7

பரீட்சை பாஸ். ஐந்துக்கு ஐந்து. ஓட்வார் என்னைக் கட்டிப்பிடித்தார், இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. வதனி சுட்டுத் தந்த பருப்பு வடையைக் குழுவில் எல்லோரும் கோப்பியோடு சாப்பிட்டார்கள். ஒருவர் அதற்கு ஜாம் பூசிச் சாப்பிட்டார். வதனிக்கு இதைச் சொல்லவில்லை.

வரும் வழியில் ஓட்வார், சகோதரங்கள் இருக்கா என்று கேட்டார். ஒரு தம்பி இருந்தான், சண்டைக்குள் அகப்பட்டுச் செத்துப்போனான், நான் வெளிக்கிட முதலே என்றேன். உடனே செத்தானா என்று கேட்டார். வேட்டைக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி. ஓம் என்றேன்.

செப்டெம்பர் 15

வேட்டை ரவையும் பயிற்சி ரவையும் ஒரே இடத்தில் படாதாம். ஆகவே வேட்டை ரவையால் ஐந்து வெடி சுட்டுத் துவக்கின் குறிகாட்டியைத் திருத்தினோம். பிறகு ஓட்வார் பழைய டெலிபோன் புத்தகங்களைத் தண்ணீரில் ஊறவைத்து அடுக்கி, தன் துவக்கால் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று சுட்டுவிட்டு, “உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு பார்” என்றார்.

வேட்டைச் சன்னம்: முன்னால் சின்ன ஓட்டை. மூன்றாவது புத்தகத்தைப் பிரித்தபோது என் கைமுட்டி போகிற பள்ளம். தாள்கள் கூழாகிக் கிடந்தன. பயிற்சிச் சன்னம்: முன்னால் ஓர் ஓட்டை, பின்னால் ஓர் ஓட்டை, நடுவில் எதுவும் குழம்பவில்லை. பெயர்களைக்கூட வாசிக்கலாம்.

“விளங்குதா? முந்தினது ரெண்டு நிமிசத்திலை முடிக்கும். மற்றது முடிக்காது” என்றார் ஓட்வார்.

விளங்குது என்றேன். ஆனால் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். கூழாகிப்போன அந்தத் தாள்களை அள்ளிப் பையில் போட்டபோது கை கூசியது. மத்தியானம் சாப்பிடவில்லை.

செப்டெம்பர் 22

பள்ளிக்கூடக் கொதிகலன் மறுபடி நின்றுவிட்டது. சேர்விஸ்காரன் புதன்கிழமை வருவானாம். புதன்கிழமை நான் காட்டில்.

வதனி நினைவுபடுத்தினாள்: “வெள்ளிக்கிழமை தம்பியின்ரை திதி. அண்டைக்கு இறைச்சி கிறைச்சியெண்டு வீட்டுக்கை கொண்டு வந்திடாதேங்கோ.” வாழையிலை ஒஸ்லோவில் இருந்து வந்து பிரீசரில் இருக்கிறதாம். என் தம்பி சபேசனை அவள் கண்டதில்லை. ஆனாலும் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை.

செப்டெம்பர் 24

சாமான் அடுக்கினேன். சப்பாத்து, கத்தி, சூட்டுப் போத்தல், செம்மஞ்சள் தொப்பி. ஐந்து ரவை.

செப்டெம்பர் 25

சீட்டுக் குலுக்கி இடம் பிரித்தார்கள். எனக்கு நாலாம் இடம், சதுப்பு நிலத்தின் ஓரம், ஒரு பைன் மரத்தடி. ஏழு மணிக்குப் போய் இருந்தேன். புல்லெல்லாம் உறைபனி. ஒன்பதேகாலுக்கு நாய் குலைத்தது. ஒன்பதரைக்கு அது வந்தது, ஒன்றரை வயது ஆண், கொம்பு இப்போதுதான் இரண்டு குச்சியாக முளைத்தது. எண்பது மீட்டர். பக்கவாட்டில் நின்றது. மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது. முன்காலுக்குப் பின்னால் குறி பிடித்தேன். விசையை அழுத்தவும் அது ஓர் அடி எடுத்து வைக்கவும் சரியாக இருந்தது.

விழவில்லை. முதுகைக் கொஞ்சம் வளைத்தது, அவ்வளவுதான். பிறகு ஒன்றும் நடக்காதது போலக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

ஓட்வார் வந்து நிலத்தைப் பார்த்தார். ஒரு பிடி மயிர். மூன்று துளி இரத்தம், குண்டூசித் தலையளவு. குழுவின் வேட்டை அந்த இடத்திலேயே நின்றது. காயப்பட்ட மிருகம் ஒன்று காட்டில் இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் வேறு மிருகத்தைத் தொடுவதில்லை, அது இவர்கள் முறை. தேடும் நாயோடு சீசெல் வந்தாள். நாற்பது வயது, அதிகம் பேசாதவள். மத்தியானம் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் போனோம். பிறகு மழை தொடங்கியது.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. “எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்று தோளில் தட்டினார்கள். அவர்கள் எனக்கு அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்னொன்று. இரண்டு பெட்டியும் ஒரே சிவப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் பெட்டி மாறிப்போனது தெரிந்தது. நான் போட்டது பயிற்சி ரவை. வேட்டைப் பெட்டியில் குறிகாட்டி திருத்தச் சுட்ட ஐந்தைத் தவிர ஒன்றும் குறையவில்லை.

நாளைக்குக் கிடைத்துவிடும். கிடைத்தால் சொல்லத் தேவையில்லை.

செப்டெம்பர் 26

கிடைக்கவில்லை.

காலை பத்து மணிக்கு அது படுத்திருந்த இடத்தை நாய் கண்டது. பாசி அமுங்கியிருந்தது, இளஞ்சூடு. இரத்தம் ஒரு துளி, அதுவும் சந்தேகம். பதினொன்றுக்கு மரம் ஏற்றும் பாதையை அது கடந்ததைச் சீசெல் கண்ணால் கண்டாள். துள்ளோட்டமாகப் போனதாம், தலை நிமிர்ந்து.

மதியம் காரின் பொனற்றில் வரைபடத்தை விரித்துக் கதைத்தார்கள்.

“வேட்டைச் சன்னம் உடம்புக்கை போயிருந்தா ரெண்டாம் நாள் இப்பிடி ஓடாது. தோலை உரசிக்கொண்டு போயிருக்கு” என்றாள் சீசெல்.

“அப்ப நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பம். பிறகு காயமில்லை எண்டு எழுதிக் குடுப்பம்” என்றார் ஓட்வார். அப்படி எழுதிக் கொடுத்தால் தேடுதல் முடிந்தது. மிருகம் சுகம், குழு மறுபடி வேட்டையாடலாம். தாளில் சுட்டவன் கையெழுத்து வைக்க வேண்டும். ரவையின் வகைக்கு ஒரு கோடு விட்டிருக்கிறது. ஓட்வார் பேனையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். “வேட்டை ரவைதானே?”

“ஓம்.”

அவர் எழுதினார். சந்தேகப்படவில்லை.

சின்ன ஓட்டையைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். எழுதிவிட்டு வேண்டுமானால் கிழிக்கலாம்.

சபேசன் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனான். பத்தொன்பது வயது. சந்தியில் சூடு நடந்தது, எந்தப் பக்கத்துச் சூடு என்று இன்றைக்கும் தெரியாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துதான் வந்தான். விலா எலும்புக்குக் கீழே ஓர் ஓட்டை, பென்சில் போகிற அளவு. முதுகில் இன்னொன்று. சேட்டில் இரத்தம் ஓர் உள்ளங்கை அளவுகூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பாதை பூட்டு. பக்கத்து ஊரில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி வந்து பார்த்து, “சன்னம் வெளியாலை போட்டுது, பயமில்லை” என்றார். தண்ணீர் மட்டும் கொடுக்கக் கூடாதென்றார். அவன் தண்ணீர் கேட்டான். நாங்கள் கொடுக்கவில்லை.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு எனக்கு லொறி. அம்மா காணி விற்று ஏஜென்சிக்குக் கட்டிய பயணம். இந்த லொறியை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. “நீ போ அண்ணை, எனக்கொண்டுமில்லை” என்றான். எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நான் வெளிக்கிட்டு மூன்றாம் நாள் செத்தான். கொழும்பில் லொட்ஜில் இருந்தபோது அம்மாவின் கடிதம் வந்தது.

வதனிக்கு நான் சொல்லியிருப்பது வேறு. அன்றைக்கே செத்தான், நான்தான் கொள்ளி வைத்தேன், மறுநாள் வெளிக்கிட்டேன் என்று. கலியாணம் பேசி வந்த நாட்களில் ஒரு தடவை வாயில் வந்தது. பிறகு அதுவே திதியாகிவிட்டது.

செப்டெம்பர் 27, காலை

விடிய எழும்பிப் பெட்டிகளை மறுபடி பார்த்தேன். பெட்டி மாறவில்லை. ஒன்றில் கறுப்பு எழுத்தில் பெரிதாகப் பயிற்சிக்கு என்று போட்டிருக்கிறது. இருபத்துநாலாம் திகதி இரண்டையும் மேசையில் வைத்து, கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தெரிந்துதான் எடுத்தேன். கூழாகிப்போன அந்தத் தாள்களுக்குப் பிறகு மற்றதை என்னால் தொட முடியவில்லை. ஒரு சின்ன ஓட்டை என்றால் அந்தப் பிராணிக்கு நோ குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். உலகத்தில் எல்லோரையும்விட எனக்குத்தான் அது பொய்யென்று தெரிந்திருக்க வேண்டும்.

வதனி தலைக்குத் தோய்ந்து முடித்துப் பயற்றங்காய் வெட்டுகிறாள். “மத்தியானத்துக்குள்ளை வாங்கோ, படைக்க வேணும்” என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து.

செப்டெம்பர் 27, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் காருக்கு அருகில் நின்றார்கள். சீசெல் நாயை ஏற்றிவிட்டாள். ஓட்வார் தாளை நீட்டினார். பேனையை வாங்கினேன். ‘காயமில்லை’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு.

“நான் போட்டது பயிற்சி ரவை” என்றேன்.

ஓட்வாருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். “மாறிப்போச்சோ?” என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தப்புவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார், நல்ல மனிதர்.

“இல்லை. தெரிஞ்சுதான் போட்டனான்.”

சீசெல் காரைத் திறந்து நாயை இறக்கினாள். “அப்ப அது வயித்திலை ஓட்டையோடை ரெண்டு நாளா நடந்து திரியுது” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

“தண்ணி இருக்கிற இடத்தைப் பாருங்கோ. அதுக்குத் தண்ணி விடாய்க்கும்” என்றேன்.

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

பாதைக்குக் கிழக்கே ஓடைக்கரையால் இறங்கினோம். மூன்றரை மணிக்கு நாய் நின்றது. இளம் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே படுத்திருந்தது. முன்னங்கால் ஓடைக்குள். எங்களைப் பார்த்தது. எழும்ப எத்தனித்து, முடியாமல் விட்டது. வயிறு ஊதி ஒரு பக்கம் பலகை போல இறுகியிருந்தது. ஓட்வார் தன் துவக்கை, தன் ரவை போட்டபடி, என்னிடம் நீட்டினார். அவரே சுட்டிருக்கலாம். இருபது மீட்டர். சுட்டேன். அது தலையைச் சரித்தது, ஒரு கால் உதறியது, முடிந்தது. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

சீசெல் வயிற்றைத் திறந்தாள். நாற்றத்தில் ஓட்வார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறைச்சி ஒன்றுக்கும் உதவாது. எனக்கு மட்டும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னாள், பார்த்தேன். தோலில் இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றும் பென்சில் அளவு.

“ஏன்?” என்று ஓட்வார் கேட்டார். அன்றைக்கு முழுவதும் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

“விரியிறது கொடுமையெண்டு நினைச்சன்.”

“அதுக்கோ, உனக்கோ?”



செப்டெம்பர் 28

நேற்று மாலை எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. அந்த வயிறு பலகை போல இருந்தது என்று எழுதினேன். தொட்டுப் பார்க்காமலே எழுதினேன், ஏனென்றால் அது எப்படி இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். லொறி வருவதற்குக் கொஞ்ச நேரம் முதல் சபேசனின் வயிற்றைத் தொட்டேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். பலகை. அப்போதிக்கரி சொன்னது பிழை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டு, “அப்ப நான் வாறன்” என்றேன்.

நம்பினேன் என்று முந்தநாள் எழுதியது பொய். அதை வெட்டாமல் விடுகிறேன்.

ஓட்வார் காலையில் வந்தார். உள்ளே வரவில்லை. பொலிசுக்கும் நகரசபைக்கும் தான் அறிவிக்க வேண்டும், அறிவித்துவிட்டேன் என்றார். துவக்கை வாங்கிக்கொண்டார். குழுவில் இனி இடமில்லை. கொப்பியை நீட்டினேன். “அது உன்ரை. கடைசி வெடியை எழுதினியா?” என்றார். இல்லை. “எழுது” என்று சொல்லிவிட்டு வேலியைச் சுற்றிப் போனார். அவர் பேசாமலே போயிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது.

வெடி 41. பயிற்சி ரவை. எண்பது மீட்டர். வயிறு. உயிர் போனது ஐம்பத்து நாலு மணித்தியாலம் கழித்து, வேறொரு ரவையால்.

செப்டெம்பர் 29

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. வதனி படைக்காமல் காத்திருந்தாள். சோறு ஆறி, இலை ஓரம் வாடிவிட்டது. “தோய்ஞ்சிட்டு வாங்கோ” என்றாள். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போய்ப் படுத்துவிட்டேன். அவளே தனியாகப் படைத்தாள்.

இன்று பின்னேரம் சொன்னேன். குசினி மேசையில், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. லொறி, தண்ணீர், வயிறு, கடிதம், எல்லாவற்றையும். கொள்ளி வைத்தது நானில்லை, சித்தப்பாவின் மகன் என்பதையும்.

அழவில்லை, ஏசவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தாள். முதியோர் இல்லத்தில் எத்தனை பேரின் கடைசி மூன்று நாளைக் கண்டவள். “கடைசியிலை ஆர் பக்கத்திலை இருந்தது?” என்று கேட்டாள்.

“அம்மா.”

“அவவும் தண்ணி குடுக்கேல்லையோ?”

தெரியாது என்றேன். கடிதத்தில் அது இருக்கவில்லை.

எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த கலண்டரை எடுத்து வந்தாள். இருபத்தேழாம் திகதியைச் சுற்றித் தான் போட்டிருந்த சிவப்பு வட்டத்தைப் பேனையால் வெட்டினாள். விரலால் எண்ணினாள், சத்தமாக, ஒன்று, இரண்டு, மூன்று. முப்பதில் புதிதாக ஒன்று போட்டாள். “நாளைக்கு லீவு சொல்லுங்கோ” என்றாள்.

செப்டெம்பர் 30

இன்று சபேசனின் திதி. முதல் தடவையாக.

தோய்ந்துவிட்டு வந்தேன். படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. சோற்றை எடுக்கப் போன என் கையை வதனி பிடித்து நிறுத்தினாள். செம்பை என் பக்கம் தள்ளினாள்.

“முதல்லை தண்ணியை வையுங்கோ” என்றாள்.

வைத்தேன்.